கிட்டாரில் ஒரு குறை

"பதினஞ்சாயிரத்துல ஒரு காசு குறையாது. போட்டதுல பாதிதான் கேக்குறேன்" என்றார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

என் கையில் இருந்தது எட்டாயிரம். ஒரு வருஷமாகச் சேர்த்தது. அந்தக் கிட்டாரை மடியில் வைத்து ஒருமுறை மீட்டியதுமே, இதை விட்டால் இன்னொன்று அமையாது என்று தெரிந்துவிட்டது.

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "குடுத்துத் தொலைங்களேன். பதினோரு வருஷமா ஒரே பாட்டு. அதுவும் பாதிப் பாட்டு."

டிரைவரின் முகம் சுருங்கியது. "விரல் படிய மாட்டேங்குது தம்பி. அதான் விக்கிறேன்."

கூட வந்திருந்தவன் என் நண்பன். நாலே கம்பி உள்ள பேஸ் கிட்டார் வாசிப்பதால் அவனுக்கு நாலுகம்பி என்று பெயர். பேரம் பேசத்தான் அவனை இழுத்துக்கொண்டு போயிருந்தேன். வழியிலேயே பேசி வைத்தபடி, கிட்டாரை வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடி, கம்பிகளை விரலால் அழுத்தும் அதன் கழுத்தை நீளவாக்கில் பார்த்தான். உச்சுக் கொட்டினான்.

"கழுத்து வளைஞ்சிருக்கு சார். இதுல யாருக்குமே விரல் படியாது."

பச்சைப் பொய். அது அளவுகோல் மாதிரி நேராக இருந்தது.

"நெஜமாவா? எப்பலேர்ந்து?"

"வாங்கும்போதே வளைஞ்சிருக்கும். நல்லா உங்க தலையில கட்டிட்டானுங்க."

அவர் அந்தக் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு எட்டாயிரத்துக்கே கொடுத்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். தெருமுனை தாண்டியதும் நாலுகம்பி சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த வாரம், நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கே அவர் விசாரித்துக்கொண்டு வந்து நின்றார். சாப்பாட்டு நேரம். நாலுகம்பியும் இருந்தான். பேப்பர் கட்டின்மேல் கிட்டாரும் இருந்தது. குட்டு உடைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதினோரு வருஷமா எனக்குத்தான் வரலைன்னு நெனச்சேன் தம்பி. பொண்டாட்டி கேலி, பேரப்பசங்க கேலி. தப்பு என் விரல்ல இல்லைன்னு நீங்க சொன்னதும்தான் மனசு ஆறுச்சு."

பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

"பல்லு கட்ட வச்சிருந்த பணம். பல்லு கெடக்குது, அப்புறம் பாத்துக்கலாம். கழுத்து நேரா இருக்குற கிட்டாரா ஒண்ணு பாத்துக் குடுங்க. கடைக்காரங்க ஆயிரம் சொல்லுவாங்க. உள்ளதை உள்ளபடி சொன்னவங்க நீங்க ரெண்டு பேர்தான்."

நாலுகம்பி தரையைப் பார்த்தான். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவர் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. அது அவருக்காகவா எனக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை.

கிட்டாரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"புதுசு வேண்டாம் சார். இதோட கழுத்தை நேராக்கிட்டோம். நீங்களே வச்சுக்குங்க."

உட்கார்ந்து வாசித்தார். அதே பாதிப் பாட்டு. அதே தடுமாற்றம்.

"பாத்தீங்களா, இப்ப எப்படிப் பேசுதுன்னு!"

எட்டாயிரத்தை எண்ணி என் கையில் வைத்தார். பிறகு மறுபடியும் கவருக்குள் கையை விட்டார்.

"நேராக்குன கூலி எவ்வளவு தம்பி?"