தானாக நின்றுவிடும் கம்ப்ரசர்

சுவிட்சைப் போடுவதற்கு முன் படுக்கையறைக் கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

உள்ளே மனைவியின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு இரவு வேலை. காலையில் வந்து, குளித்து, சாப்பிட்டது பாதி சாப்பிடாதது பாதியாகப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். எனக்கு வாரத்தில் ஒரே நாள் விடுமுறை. அந்த நாள் முழுக்க வீட்டில் நான் பூனை. நாற்காலியைத் தூக்கித்தான் வைப்பேன், இழுக்க மாட்டேன்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் எனக்குக் கம்ப்ரசர் ஆசை வந்தது.

உள்ளங்கை அளவு விமான பொம்மைகளை ஒட்டிச் சேர்த்து வண்ணம் பூசுவது என் பைத்தியம். தூரிகையால் பூசினால் இறக்கையில் கோடு கோடாக நிற்கிறது. வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கிறது என்று மைத்துனன் சொல்லிவிட்டுப் போனான். வந்த வேலையைப் பார்க்காமல் அவன் ஏன் விமானத்தைப் பார்த்தான் என்று தெரியவில்லை. ஆனால் சொன்னது உண்மை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், பெயின்டைக் காற்றில் தெளிக்கிற ஏர்பிரஷ் வாங்குவதென்று.

பேனா மாதிரியான அந்த ஏர்பிரஷ் மலிவாகவே கிடைத்தது. அதற்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசர்தான் தலைவலி.

மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் ஒரு தடவை முழிச்சேன்னா, அன்னிக்கே அது வீட்ட விட்டுப் போயிடணும்."

அவள் சொன்னால் சொன்னதுதான். என் மாமனாரே அவளிடம் அளந்துதான் பேசுவார்.

கடையில் மூன்று கம்ப்ரசர்கள் இருந்தன. ஒன்று சார்ஜ் போட்டு ஊதுகிற குட்டி. இரண்டு ஊது ஊதிவிட்டு மூச்சு வாங்கியது. அடுத்தது மலிவுதான், ஆனால் சுவிட்சை அணைக்கிறவரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவதில் காற்றைச் சேர்த்துவைக்க ஒரு டாங்க் இருந்தது. விலை ஏறக்குறைய இரட்டிப்பு.

"டாங்க் நிரம்பினா தானா நின்னுடும் சார். வீட்ல தூங்கறவங்க இருந்தா இதுதான் சரிப்படும்," என்றார் கடைக்காரர்.

தானாக நிற்கும் என்ற ஒரே காரணத்துக்காக மூன்றாவதை வாங்கினேன். புதுச் செருப்பை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

குளியலறையில் ரப்பர் மிதியடி, அதன்மேல் நாலாக மடித்த போர்வை, அதன்மேல் கம்ப்ரசர். பெயின்ட் நெடி வெளியே போக ஓர் அட்டைப்பெட்டி, அதன் முதுகில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி விசிறி, அங்கிருந்து ஜன்னலுக்கு ஒரு குழாய். முகத்தில் மாஸ்க். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

சுவிட்சைப் போட்டேன்.

உம்மென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடிப்போய் மறுபடி கதவில் காதை வைத்தேன். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

திரும்பி வந்து முதல் இறக்கைக்குச் சாம்பல் நிறம் அடித்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு திட்டு இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏர்பிரஷை வைத்துவிட்டு இறக்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மைத்துனனை அப்போதே கூப்பிட்டுக் காட்டவேண்டும் போலிருந்தது.

அதற்குள் டாங்க் நிரம்பி, கடைக்காரர் சொன்னபடியே கம்ப்ரசர் தானாக நின்றது.

படுக்கையறைக் கதவு படாரென்று திறந்தது.

வெறுங்காலோடு, தலை விரிந்து, கண் பாதி மூடியபடி ஓடிவந்தாள். ஒரு இறக்கையோடு எல்லாம் முடிந்தது, இனி மூட்டை கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவள் கம்ப்ரசரைப் பார்க்கக்கூட இல்லை. என் மாஸ்க்கைச் சரியாக இழுத்துவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு விரல்களை வைத்தாள்.

"எந்த பெட்ல மெஷின் நின்னுது?"

முழுத் தூக்கத்தில் இருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் அவள். இரவெல்லாம் அங்கே மெஷின்கள் உம்மென்று ஓடுகிறவரை அவள் கொஞ்சம் உட்காரலாம். ஒன்று நின்றால்தான் எழுந்து ஓடவேண்டும்.

வந்த சிரிப்பு பாதியில் நின்றது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் இவள் வேலையில்தான் இருக்கிறாள்.

சும்மா இருந்த கையால் ஏர்பிரஷை எடுத்து அழுத்தினேன். காற்று வெளியே போகப் போக டாங்கில் அழுத்தம் இறங்கியது. கம்ப்ரசர் மறுபடி உம்மென்று ஓட ஆரம்பித்தது.

அவள் முகம் அப்படியே தளர்ந்தது. என் கன்னத்தில் இரண்டு தட்டு தட்டினாள்.

"ஒண்ணும் இல்ல தாத்தா. மெஷின் ஓடுது, தூங்குங்க."

போய்ப் படுத்துவிட்டாள்.

அதன்பிறகு கம்ப்ரசரை நிற்கவிட எனக்குத் தைரியம் வரவில்லை. ஏர்பிரஷில் பெயின்ட் தீர்ந்த பிறகும் வெறும் காற்றை ஊதிக்கொண்டு சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரல் மரத்துப்போனது. இன்னொரு இறக்கை காலையில் இருந்தபடியே இருந்தது.

சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அப்பாடா, இப்படித் தூங்கி எவ்வளவு நாளாச்சு. ஒருதடவகூட முழிக்கலங்க. நல்ல மெஷினாத்தான் பாத்து வாங்கியிருக்கீங்க, இதையே வெச்சுக்குங்க."

நான் சரி என்று தலையாட்டிக்கொண்டே கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன், நிற்கவே நிற்காத அந்த மலிவு கம்ப்ரசர் இன்னும் இருக்கிறதா என்று கேட்க.