சங்கரி டீச்சர் பீரியடு

வகுப்பு வாசலில் வந்து நின்றான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு. மதியச் சாப்பாடு முடிந்து முதல் பீரியடு.

நாற்காலி காலி. கரும்பலகைக்கு முன்னால் ஆள் இல்லை.

பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பேச்சு இல்லை. பென்சில் உரசுவதும் மின்விசிறி சுற்றுவதும்தான் கேட்டன. டீச்சர் இல்லாத வகுப்பு இப்படி இருக்காது என்று பத்தாவதோடு படிப்பை விட்ட அவனுக்கே தெரிந்தது.

தலைமையாசிரியை அவனுக்குப் பின்னால் வராந்தாவில் நின்றார். போன் செய்து வரச் சொன்னவர் அவர்தான்.

சங்கரி டீச்சர் என்று பிள்ளைகள் கூப்பிட்ட சங்கரேஸ்வரி இறந்த பிறகு வேறொரு கணக்கு டீச்சரைப் போட்டிருந்தார்கள். அந்த அம்மா ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பிள்ளைகள் எதிர்த்துப் பேசவில்லை. சேட்டை செய்யவில்லை. "என்னையப் பாக்க மாட்டேங்குதுக மேடம். எனக்குப் பக்கத்துல பாக்குதுக" என்று சொல்லிவிட்டு லீவில் போய்விட்டார்.

"நாங்க எல்லாரும் சொல்லிப் பாத்துட்டோம் தம்பி. நீங்க டீச்சரோட வீட்டுக்காரர். உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா ஏத்துக்குவாங்க" என்றார் தலைமையாசிரியை.

அந்த ஒரு வார்த்தையை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் போனுக்கு இன்னமும் அழைப்பு வரும். எடுத்து, "அவ இல்லைங்க" என்பான். "எப்ப வருவாங்க?" என்று கேட்பார்கள். "தெரியலைங்க" என்று வைத்துவிடுவான்.

அன்றைக்குத் தலைவலி என்று அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தாள். படுத்தவள் எழவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

முப்பத்திரண்டு வயது.

அவள் எம்.எஸ்சி. அவன் சிவகாசியில் அச்சு மெஷின் ஓட்டுகிறவன். பெண் பார்க்கப் போன அன்றே, பத்தாவதில் கணக்கில் ஃபெயில் என்று சொல்லிவிட்டான். அவள் வீட்டில் எல்லோர் முகமும் மாறியது. அவள் மட்டும் சிரித்தாள். இவரே போதும் என்று சொல்லிவிட்டாளாம்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாளும் அவனிடம் கணக்குப் பேசியதில்லை. பிள்ளைகளைப் பற்றித்தான் ஓயாமல் பேசுவாள். சோறு வடிக்கும்போது, துணி காயப்போடும்போது. அவர்களுக்கென்று குழந்தை இல்லை. பிள்ளைகள் என்று அவள் சொன்னால் இவர்கள்தான்.

யாருக்குக் கழித்தல் குறி தவறிப்போகும், யார் விடை தெரிந்தும் கை தூக்க மாட்டாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். முகங்களைத்தான் இன்றைக்கு முதன்முதலாகப் பார்க்கிறான்.

டீச்சர் இறந்துட்டாங்கம்மா.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான்.

உள்ளே போனான். கடைசிப் பெஞ்சுப் பெண் நகர்ந்து இடம் விட்டாள். சொல்ல வந்தவன் உட்கார்ந்துவிட்டான். பாடம் நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்ற பயம் இன்னும் உடம்பில் இருந்தது.

பாடம் நடந்துகொண்டிருந்தது.

ஒரு பெண் எழுந்து போய்க் கரும்பலகையில் ஒரு வரி எழுதினாள். ஒதுங்கி நின்று, வெறும் இடத்தைப் பார்த்தாள். தலையாட்டினாள். கடைசி எண்ணை உள்ளங்கையால் அழித்துவிட்டு வேறு எண் எழுதினாள்.

யாரோ எதற்கோ சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

பிறகு எல்லா முகங்களும் நிமிர்ந்தன.

கண்கள் கரும்பலகையை விட்டு மெல்ல விலகின. பெஞ்சுகளுக்கு நடுவே உள்ள வழியில் இறங்கின. யாரோ நடந்து வருவதைப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு பெஞ்சாகக் கடந்து வந்தன.

சீராக வரவில்லை. லேசாக ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தன.

அந்த நடை அவனுக்குத் தெரியும்.

கல்லூரியில் படிக்கும்போது பஸ் படியிலிருந்து விழுந்ததில் அவளுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. வெளியில் தெரியாமல் சமாளித்து நடப்பாள். வீட்டுக்குள் மட்டும்தான் இஷ்டத்துக்கு நொண்டுவாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான்.

இங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கிறாள்.

கண்கள் அவன் பெஞ்சருகே வந்து நின்றன. அவை நிமிர்ந்திருந்த உயரமும் அவனுக்குத் தெரிந்த உயரம்தான். அவன் தோள் வரை வரும்.

முன் பெஞ்சுப் பெண் திரும்பினாள். மாட்டிக்கொண்ட தோழிக்கு எடுத்துக்கொடுப்பவள் போலக் கிசுகிசுத்தாள்.

"எந்திரிங்க சார். டீச்சர் உங்களத்தான் கேக்குறாங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க."

எழுந்து நின்றான்.

அவனிடம் இருந்தது ஒரே பதில்தான். பிள்ளைகளிடம் சொல்லக் கொண்டுவந்தது. பெஞ்சைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான். வேறு மாதிரி வந்துவிட்டது.

"நீ செத்துட்ட, சங்கரி."

வராந்தாவில் தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டார்.

பிள்ளைகள் அழவில்லை. ஒரு கணம் அவனையே பார்த்தார்கள்.

பிறகு எல்லா முகங்களும் அவனை விட்டுவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் திரும்பின. விடை சரிதானா என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தன.

அவனும் திரும்பினான்.