ஜீப்புக்குள் குடை

ஜீப்புக்குள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அனுசுயா. சின்னமனூர் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்ற சனமெல்லாம் மழையை மறந்துவிட்டு அவளையே பார்த்தது.

"குடைய மடக்கு அனு, மானம் போகுது" என்றான் அவள் கணவன் சுரேஷ்கண்ணன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"மானத்தப் பாத்தா என் சேலை என்னாகுறது? சொட்டுச் சொட்டா உச்சந்தலையில விழுகுது. வேணும்னா நீங்க இங்கன வந்து உக்காந்து பாருங்க."

கூரையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஜீப்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கியவன் அவன். வாங்கிய நாளிலிருந்து ஸ்டியரிங்கை வேறு யாரும் தொட விட்டதில்லை. அனுசுயா லைசென்ஸ் எடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

"நான் தனியா கம்பம் போயிட்டு வந்தா ஒரு சொட்டு இல்ல. நீ ஏறுனாத்தான் ஒழுகுது. அதென்ன ராசியோ!"

"ஆமா, என் ராசி அப்பிடி" என்றாள், குடையை மடக்காமலே.

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. மேகமலைப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. பஸ்ஸை நம்பித் தினமும் மலை ஏறி இறங்க முடியாது. ஜீப்பைக் கேட்டதற்கு, "பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. நீ ஓட்டுற ரோடா அது? வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டான். எழுதிய கடிதம் அவள் கைப்பையில் இருந்தது. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

நேராக மெக்கானிக் ஜெபராஜின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை விட்டான் சுரேஷ்கண்ணன். ஜெபராஜ் கூரையைக் கழற்றி, தண்ணீர் புகாமல் அடைக்கிற முன்பக்க ரப்பரைப் பிடுங்கினான். ஒரு புளியங்கொட்டை தெறித்து சீட்டில் விழுந்தது.

"ஏண்ணே, வண்டிக்குள்ள பல்லாங்குழி ஆடுறீகளா?"

"போன வாரம் வீட்டுக்குப் புளி வாங்கிப் போட்டேன்டா. அதுல செதறுனது" என்று கொட்டையை எடுத்து வெளியே எறிந்தான் சுரேஷ்கண்ணன்.

புது ரப்பர் வந்தது. ஓரமெல்லாம் பசை தடவி, போல்ட்டை முறுக்கி, அரை மணி நேரம் டியூபில் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தார்கள். உள்ளே பொட்டு ஈரமில்லை.

சனிக்கிழமை மறுபடியும் மழை. அனுசுயாவைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பியவன், ரெண்டு தெரு தாண்டுவதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றான். குடை விரிந்தே இருந்தது.

ஜெபராஜ் தலையைச் சொறிந்தான். "நின்னா ஒழுகல, ஓடுனா ஒழுகுது. அப்ப ஓடும்போதுதான்ணே பாக்கணும். மலையில வளைஞ்சு வளைஞ்சு ஏறுங்க. தண்ணி எந்தப் பக்கம் சாஞ்சு எங்கன எறங்குதுன்னு ஒரு ஆளு டார்ச் அடிச்சுக்கிட்டே வரணும்."

"நீ ஓட்டு, நான் பாக்குறேன்."

"எனக்கு ரெண்டு வண்டி பிரிச்சபடி கெடக்கு. அக்கா ஓட்டட்டும்."

"இவளா?"

"பின்ன, அக்காவ டார்ச் அடிக்கச் சொல்லிட்டு நீங்க ரோட்டப் பாப்பீகளா? நீங்க மேலதான் பாப்பீக!"

அது உண்மைதான். சுரேஷ்கண்ணன் அரை மனதாகச் சாவியை நீட்டினான்.

மலையடிவாரச் செக்போஸ்ட் தாண்டியதும் சுரேஷ்கண்ணன் ஒரு நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டான். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பேனா. கண் முழுக்கக் கூரையில்.

"வலது வளைவுல மூணு சொட்டு... இடதுல ஒண்ணுதான். அனு, மெதுவாத் திருப்பு. ஆங், விழுந்துருச்சு, நாலு!"

எதிரே தேயிலை லாரி வந்தது. அனுசுயா ஓரங்கட்டி வழிவிட்டாள். பனி இறங்கியது, விளக்கைப் போட்டுக்கொண்டாள். ஒரு வளைவில் கியரை இறக்கி, வழியில் கிடந்த கல்லை விலகி ஏறினாள். அவன் மூக்கில் விழுந்த சொட்டைத் துடைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான்.

வண்டி நின்றது.

"ஏன் நிறுத்திட்ட? இன்னும் எத்தன வளைவு?"

"எல்லாம் ஏறியாச்சு."

நிமிர்ந்து பார்த்தான். பனிக்குள் மேகமலைப் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கூரை தெரிந்தது.

"பதினெட்டுல ஒண்ணுலயாச்சும் 'பாத்து ஓட்டு'ன்னு சொன்னீகளா?" என்றாள் அனுசுயா.

அவன் நோட்டைப் புரட்டினான். பக்கம் பூராவும் சொட்டுக் கணக்குதான் இருந்தது. நோட்டை மூடி மடியில் வைத்துவிட்டு, "அந்த லெட்டர எடு" என்றான். வாங்கி நாலாகக் கிழித்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வண்டிய நீயே வச்சுக்க. நான் பைக்குல போய்க்கிறேன். ஆனா இந்த ஒழுகலோட தினம் எப்பிடிப் போய் வருவ? அதத்தான் யோசிக்கிறேன்."

அனுசுயா எட்டி, தேடாமலே நேராக அவன் தலைக்கு மேலிருந்த ரப்பர் மடிப்புக்குள் விரலை விட்டாள். ஈரமான ஒரு புளியங்கொட்டையை நோண்டி எடுத்து, அவன் நோட்டின் மேல் வைத்தாள்.

"இனிமே ஒழுகாதுங்க."