முதல் பெஞ்சில் பியூன்

“கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு எங்க லா கிளம்பிட்ட? பெல்லு யாரு அடிக்கிறது?”

பள்ளி அலுவலகத்தின் தலைமை எழுத்தரான கிராணி ஜெயபாலன் தட்டச்சு இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார்.

“அடிச்சிட்டேன் கிராணி ஐயா. பிள்ளைங்க எல்லாம் மண்டபத்துக்குப் போயிட்டாங்க” என்றான் பத்துமலை.

மலாயாவில், ஈப்போவில் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில் அவன் பியூன். மணி அடிப்பது, தபால் எடுத்து வருவது, கரும்பலகை துடைப்பது என்று பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருப்பவன். இன்று அவன் போட்டிருந்த கறுப்புக் கோட்டு தோளில் கொஞ்சம் தொங்கியது.

“யாரு கோட்டு இது?”

“ஆம்புரோஸ் வாத்தியாரு கொடுத்தாரு ஐயா.”

ஜெயபாலனுக்குச் சட்டென்று விஷயம் விளங்கியது. அந்த 1926-ஆம் ஆண்டில்தான் முதல் தடவையாக, மாணவர்களோடு பள்ளியில் வேலை செய்பவர்களில் சிறந்த ஒருவருக்கும் பரிசு உண்டு என்று தலைமையாசிரியரான வெள்ளைக்காரத் துரை அறிவித்திருந்தார். வாத்தியாரோ, கிராணியோ, பியூனோ, யாராக இருந்தாலும் சரி என்றும் சொல்லியிருந்தார். பாவம், இவன் அதை நம்பிக்கொண்டு வந்து நிற்கிறான்.

“பத்துமலை, இப்படிக் கிட்ட வா. பரிசுப் பட்டியல நான்தான் டைப் அடிச்சேன். வெளிய சொல்லக்கூடாது. இருந்தாலும் உனக்காகச் சொல்றேன். அந்தப் பரிசு ஆம்புரோஸ் வாத்தியாருக்கு. உன் பேரு இல்ல.”

முகம் வாடிப்போகும் என்று நினைத்தார். பத்துமலை வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

“வாத்தியாருக்கா? நெசமாவா ஐயா? அவருக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுக்கிறது!”

“சரி, அப்ப கோட்டக் கழட்டிடு. நாலு பேரு பாத்துச் சிரிப்பாங்க.”

“இருக்கட்டும் ஐயா. கருப்பம்மா தோட்டத்திலேருந்து வந்திருக்கு. கோட்டோட பாக்கணும்னு அதுக்கு ஆசை.”

பெண்டாட்டியையும் வரவழைத்துவிட்டானா! சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை அவளுக்கு. இன்றைய வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஜெயபாலனுக்கு மனசு சங்கடப்பட்டது. பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்.

அங்கே அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பரிசு வாங்கப்போகும் பதினாலு மாணவர்களும் முதல் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், பெஞ்சின் ஓரத்தில், பத்துமலை.

வேகமாகப் போய்க் குனிந்தார். “டேய், இது பரிசு வாங்குற பசங்க உக்கார்ற பெஞ்சு. எந்திரி.”

“துரைதான் இங்க உக்காரச் சொன்னாரு ஐயா.”

“புத்தகம் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருப்பாரு. அதுக்கு மேசைப் பக்கம் நிக்கணும் லா!”

கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“இன்னைக்கு ஒரு நாள் உக்காந்துக்கிறேன் ஐயா” என்றான் பத்துமலை. பணிவாகத்தான் சொன்னான். இடத்தைவிட்டு மட்டும் நகரவில்லை.

அதற்குள் துரை பேச எழுந்துவிட்டதால் ஜெயபாலன் தன் நாற்காலிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். பையன்கள் மேடையேறிப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பத்துமலை ஒவ்வொருவருக்கும் கை தட்டினான். மண்டபத்தின் பின்வாசலில் கருப்பம்மாள் இடுப்பில் பிள்ளையோடு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுங்கையோடு இவர்கள் எப்படி ஊர் போய்ச் சேருவார்கள் என்று நினைக்கவே ஜெயபாலனுக்குக் கஷ்டமாக இருந்தது. விழா முடிந்ததும் குடிக்க ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஆம்புரோஸ் வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். பத்துமலை எழுந்து நின்றே கை தட்டினான். பட்டியல் முடிந்தது. ஜெயபாலன் அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

துரை மட்டும் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்தார்.

“ஆம்புரோஸுக்கு ஏன் இந்தப் பரிசு என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வருஷமாக, பள்ளி விட்ட பிறகு, அவர் ஒருவருக்குத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்த மாணவர் போன டிசம்பரில் யாரிடமும் சொல்லாமல் தைப்பிங்குக்குப் போய் ஜூனியர் கேம்பிரிட்ஜ் தேர்வை எழுதினார். நேற்று மாலைதான் சீமையிலிருந்து முடிவு வந்தது. நம் மாணவர்கள் எல்லாரையும் விட அவருக்குத்தான் மதிப்பெண் அதிகம். இந்த ஆண்டின் முதல் மாணவர் பரிசு அவருக்கு!”

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் “யாரு, யாரு?” என்று ஜெயபாலனையே கேட்டார்கள். தனக்குத் தெரியாமல் அப்படி ஒரு மாணவனா? அவர் அவசரமாக முதல் பெஞ்சை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். பதினாலு பேர் மடியிலும் புத்தகம் இருந்தது. அந்தப் பெஞ்சில் இன்னும் வெறுங்கையோடு இருந்தவர் ஒரே ஒருவர்தான்.

பத்துமலை எழுந்து, மேடையேறினார்.