முன்னரே வந்தவள்

நாகப்பட்டினத்துக் கப்பலிலிருந்து பினாங்கில் இறங்கிய ஞானப்பூவுக்கு எல்லாமே புதிதாக இருந்தன. மனிதரை மனிதர் இழுத்துக்கொண்டு ஓடும் ரிக்‌ஷாவையும், கால்சட்டை போட்ட சீனப் பெண்களையும் அவள் ஊரில் கண்டதில்லை. ஊரில் தெருவில் இறங்கினால் பத்துப் பேராவது நலம் விசாரிப்பார்கள். இங்கே தன்னை யாருக்குத் தெரியும் என்று நினைத்தபடி, மூன்று வருடமாகத் துறைமுகத்தில் வேலைபார்க்கும் கணவன் தேவசகாயத்தின் பின்னால் நடந்தாள்.

கடைத்தெருவில் ஒரு பூக்காரி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னாக்கா, இப்பதானே பூ வாங்கிட்டுப் போனீங்க?"

ஆள் மாறாட்டம் என்று எண்ணினாள் ஞானப்பூ. ஆனால் கோப்பிக்கடைச் சீனரும் அவளுக்குத் தலையசைத்து, கேட்காமலேயே இஞ்சி தட்டிப்போட்ட கோப்பியை நீட்டினார். அவள் அப்படித்தான் குடிப்பாள்.

வீட்டு மாடிப்படியில் நின்றுவிட்டாள்.

"இங்க உங்ககூட யாருங்க இருக்கா? மறைக்காமச் சொல்லுங்க."

"நீதான்லா," என்றான் தேவசகாயம். அவன் கண்கள் நிறைந்திருந்தன. "நான் வந்த வருஷமே வந்துட்டே. நீ எப்படி வந்தேன்னு நான் கேக்கல. கேட்டா போயிடுவியோன்னு பயம்."

"பின்னே என்னை எதுக்கு வரச் சொன்னீங்க?"

"அதையும் நீதான் சொன்னே. 'ஊர்ல நான் தனியா கெடக்கேன், கூப்பிட்டுக்குங்க'ன்னு."

ஞானப்பூ படியேறிக் கதவைத் தள்ளினாள். அறையில் யாரும் இல்லை. அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியை எடுத்தாள், பிடியில் கைச்சூடு ஆறவில்லை. குழம்பைக் கிளறி இறக்கிவைத்துவிட்டு, மூன்று தட்டில் சோறு போட்டாள்.