உங்களுக்கு எதுக்கு?

டமார் என்று ஒரு வெடிச் சத்தம். பின்னாலேயே படபடவென்று கைதட்டல்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்த அருணகிரி திடுக்கிட்டுப் போனான்.

"இன்னா இது, சண்டையா?"

"யாருக்கோ புது வண்டி குடுக்குறாங்க. அதுக்குத்தான் இந்தக் கூத்து. செருப்போடவே வாய்யா," என்றாள் அவன் மனைவி சம்பூர்ணம்.

சம்பூர்ணம் வேலை பார்க்கிற ஷூ கம்பெனி, அவர்கள் ஊர்ப்பக்கம் வேன் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பஸ்ஸை நம்பினால் வாரத்தில் பாதி நாள் லேட். இப்படியே போனால் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் இந்தப் பேட்டரி வண்டி.

உள்ளே போனதும் அருணகிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். தோல் பதனிடுகிற ஷாப்பில் அவனுக்குச் சுண்ணாம்புத் தொட்டி வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் எழுந்துபோய் நின்றுகொள்வான். தோலை வைத்துச் சோறு தின்கிற ஆம்பூரிலேயே அவனுக்கு இந்தக் கதி.

சட்டையில் தபஸ்ஸும் என்று பேர் குத்தியிருந்த பெண் வண்டியைக் காட்டினாள். மரியாதையாகத்தான் பேசினாள். சிவப்பு வண்டி சம்பூர்ணத்துக்குப் பிடித்துப் போனது.

"ஏம்மா, பேட்டரி போச்சுன்னா பாதி வண்டி போன மாதிரின்னு சொல்றாங்களே. வாரண்டி எப்டி?"

"கம்பெனி ஒரு வருஷம் குடுக்குது சார்."

"மேல பணம் கட்டுனா அஞ்சு வருஷம்னு போர்டுல போட்டிருக்குதே?"

அந்தப் பெண் மேனேஜர் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அது உங்களுக்கு எதுக்கு சார்? வண்டி மட்டும் எடுத்துக்கோங்க."

அருணகிரிக்குச் சுருக்கென்றது.

"உங்களுக்குன்னா?"

"இல்ல சார்... பணம் ஜாஸ்தி ஆவும். வேணாம் சார்."

"அதுவே வேணாங்குது, உட்டுடுய்யா," என்றாள் சம்பூர்ணம். "அந்தப் பணம் இருந்தா அடகுல கெடக்குற என் காதுத் தோட்ட மீட்டுடலாம்."

"நீ சும்மா இரு. மூஞ்சியப் பார்த்தே எடை போட்டுட்டா." குரல் ஏறியது. "ஏம்மா, நாங்க ஒண்ணுத்துக்கும் வக்கில்லாதவங்களா? வாடை அடிக்குதா? சீக்கிரம் வெளிய தள்ளணுமா?"

"ஐயோ, அப்பிடி இல்லண்ணா..."

சாராக இருந்தவன் அண்ணனாக இறங்கிவிட்டதில் அவனுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

மேனேஜர் ஓடி வந்தார். "இன்னா சார் பிரச்சினை?"

"இங்க ஆளப் பார்த்துதான் வாரண்டி குடுப்பீங்களா? வாங்காத வாங்காதன்னு தொரத்துது உங்க பொண்ணு."

மேனேஜர் முகம் மாறியது. அவளைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். பிறகு அருணகிரியின் தோளில் கை போட்டார். வெள்ளைச் சட்டைக்காரர் யாரும் இதுவரை அவன் தோளில் கை போட்டதில்லை.

"கம்பெனி குடுக்குற ஒரு வருஷம் போக, மீதி நாலு வருஷமும் நம்ம ஷோரூமே குடுக்குறது சார். என் பொறுப்பு. நாங்க எங்க ஓடிடப் போறோம்? ஏய், சார்கிட்ட ஸாரி சொல்லு."

"ஸாரி சார்," என்றாள் தபஸ்ஸும். தலை நிமிரவில்லை.

தோட்டை மீட்டிருக்க வேண்டிய பணம் மேசைக்குப் போனது. அவர்களுக்கும் பட்டாசு வெடித்தார்கள். கைதட்டிய கூட்டத்தில் அவளைக் காணோம்.

முதல் சர்வீஸுக்குப் போகலாம் என்று அருணகிரி சொல்லும்போதெல்லாம், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சம்பூர்ணம் தள்ளிப் போட்டாள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்ததும் வீட்டில் சொல்லாமல் அவனே வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஷட்டர் இறங்கியிருந்தது. போர்டைக்கூடக் கழற்றியிருந்தார்கள்.

பக்கத்துப் பங்க்சர் கடைக்காரர் சிரித்தார். "நீயும் வாரண்டி கட்டுன ஆளா? மூடப் போறோம்னு தெரிஞ்சேதான் கடைசியில கூவிக் கூவி வித்தானுங்க. மொத்தமும் சுருட்டிக்கினு போய்ட்டானுங்க."

"உள்ள வேலை பார்த்தவங்க ஒருத்தர்கூட சொல்லலியே..."

"ஒரு பாய் வூட்டுப் பொண்ணு சொல்லிப் பார்த்துச்சு. மேனேஜர் உக்காந்திருக்கும்போது கடைய மூடப் போறாங்கன்னா சொல்ல முடியும்? வேணாம், வேணாம்னு மட்டும் சொல்லும். அத எவனோ ஒரு புண்ணியவான் போட்டுக் குடுத்துட்டான். அன்னிக்கே வெளிய அனுப்பிட்டானுங்க. சம்பளம்கூட குடுக்கலியாம்."

சாவி கையிலேயே இருந்தது. அருணகிரி வண்டியை ஓட்டத் தோன்றாமல் வெகுதூரம் தள்ளிக்கொண்டே போனான்.

வீட்டில் சம்பூர்ணம் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இம்மா நேரம்?"

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான்.

"நம்ம பணத்தக் காப்பாத்தப் பார்த்திருக்குது அந்தப் பொண்ணு. நாந்தான் அது சோத்துல மண்ணப் போட்டுட்டேன். எங்க கெடந்து கஷ்டப்படுதோ."

சம்பூர்ணத்தின் கை நின்றது.

"எங்க கம்பெனி லைன்லதான்யா இருக்குது. எனக்குப் பக்கத்து டேபிள். பசை தடவுற வேலை. கடைய மூடுனதயும் அதுதான் சொல்லுச்சு."

"தெரிஞ்சும் ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"'அண்ணனுக்குத் தெரிய வேணாம் அக்கா, மனசு ஒடிஞ்சு போய்டுவாரு'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு."

அடுத்த கொத்தை எடுத்து, அவள் கீரையை உருவ ஆரம்பித்தாள்.