மூன்றாவது வெட்டு

"எலி இல்லையெண்டால் வேற ஆர் தம்பி வெட்டினது? வாயைத் திறந்து சொல்லும்."

காரின் முன்பம்பருக்குக் கீழே தலையை நுழைத்துப் படுத்திருந்த மெக்கானிக் நிருஷனுக்கு, செந்தூரனின் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. அந்தச் செருப்பே கோபத்தில் நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. சுவிசிலிருந்து போன வருடம் தர்மபுரத்துக்குத் திரும்பி வந்த மனுசன் ஆசைப்பட்டு வாங்கிய கார் அது. பாதி பெற்றோலிலும் பாதி பற்றறியிலும் ஓடும். பற்றறியில் ஊரும்போது பூனை நடக்கிற மாதிரி, சத்தமே வராது. நடந்து போகிறவர்கள் விலகட்டும் என்று காரே மெல்லியதாக ஓர் இரைச்சல் போடும். அதற்கென்று முன்பம்பருக்குப் பின்னால் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கிறது.

அது இரண்டு மாதத்தில் மூன்று தடவை ஊமையாகிவிட்டது. ஸ்கானரைச் சொருகினால் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் தொடர்பு இல்லை. முதல் இரண்டு தடவையும் கார் கிளிநொச்சியிலுள்ள கராஜுக்கு வந்தது. நிருஷன் எலியின் தலையில் பழியைப் போட்டு, வயரைப் பொருத்தி, எச்சரிக்கை லைற் அணைந்ததும் சரியென்று அனுப்பிவிட்டான். ஆனால் இரண்டாவது தடவை கார் ஊமையாய் இருந்த நாளில்தான், செந்தூரன் அதைப் பின்னுக்கு எடுக்கும்போது முற்றம் கூட்டிக்கொண்டு நின்ற அவருடைய அக்கா பத்மாசனியை இடித்து விழுத்தினார். சத்தம் கேட்டிருந்தால் அவர் விலகியிருப்பார். வலது கை முறிந்துபோனது.

இந்தத் தடவை நிருஷன் சந்தேகத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டான். ரோச் அடித்து வயரின் நுனியைப் பார்த்தான். எலி கடித்தால் பல் பட்ட இடம் தெரியும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

"கத்தியால வெட்டினது, அண்ணை," என்றான் எழும்பி. அதோடு நிறுத்தியிருக்கலாம். தொழில் தெரிந்தவனுக்கு வாய் சும்மா இருக்காது. "சரிவைப் பாத்தால் இடக்கையால வெட்டின மாதிரிக் கிடக்கு."

செந்தூரனின் பார்வை வேலிக்கு அப்பால் போனது. அங்கே பக்கத்து வளவு அப்புத்துரை வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியின் பிடியில் இடது கைதான் முன்னுக்கு நின்றது. இரண்டு வீட்டுக்கும் ஆறு மாதமாக எல்லைச் சண்டை.

"பள்ளிக்கூடப் பிள்ளையள் திரியிற ஒழுங்கை. என்ரை காரால ஒரு உயிர் போகவேணும், நான் மறியலில கம்பி எண்ணவேணும். அதுதான் அவன்ரை திட்டம்," என்றார் செந்தூரன். "வெளிக்கிடும், பொலிசுக்குப் போவம். நீர்தான் சாட்சி."

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். கடைசியில் அந்த ஓணான் நானாகிவிட்டேனே என்று நிருஷன் நொந்துகொண்டான். ஒரு வயரின் சரிவை வைத்து ஒரு மனுசனை மறியலுக்குள் தள்ளுவதா? தள்ளாமல் விட்டால், அடுத்த தடவை இடிபடுவது ஒரு குழந்தையாக இருந்தால்? முதலில் பொருத்தி ஓட்டிப் பார்ப்போம், பிறகு போகலாம் என்று இழுத்தான்.

பத்மாசனி தேத்தண்ணி கொண்டுவந்தார். வலது கை மாக்கட்டோடு கழுத்தில் தொங்க, இடது கையில் கோப்பை ததும்பியது.

"பொலிஸ் வேண்டாம், செந்தூரன்," என்றார் மெதுவாக. "அந்த மனுசன் பாவம்."

கை முறிந்த பிறகும் பகை பாராட்டாத மனசு என்று நிருஷன் நினைத்துக்கொண்டான். செந்தூரன் அதைக் காதில் விழுத்தவே இல்லை. "நீங்கள் சும்மா இருங்கோ, அக்கா," என்றுவிட்டு, போய்க் காரில் ஏறினார். வழக்கம்போலக் கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டார்.

நிருஷன் வயரைப் பொருத்திவிட்டு, பின்னுக்கு எடுக்கும்படி கை காட்டினான். கராஜில் கொம்பிறசர் போடும் கூச்சலுக்குள் அந்த ஸ்பீக்கரை அவன் ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை. இந்த முற்றத்தில் காற்றுக்கூட அசையவில்லை.

கார் ஊர்ந்தது. ஒரே சுருதியில், விடாமல், அது இரைந்தது.

நிருஷனின் கழுத்து அவனைக் கேளாமலே வானத்துக்குத் திரும்பியது. வானத்தில் ஒரு கொக்குக்கூட இல்லை. வேலிக்கு அப்பால் அப்புத்துரையும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அண்ணாந்து நின்றார். பின்னால் கோப்பை விழுந்து உடைந்தது. திரும்பிப் பார்த்தால் பத்மாசனியைக் காணவில்லை.

செந்தூரன் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "என்ன, எல்லாரும் மேல பாக்கிறியள்?"

"அண்ணை, நீங்கள் எப்ப சுவிசுக்குப் போனனீங்கள்?"

"தொண்ணூற்றாறில. ஏன்?"

இங்கே போர் முடிந்த வருடம் நிருஷனுக்குப் பன்னிரண்டு வயது. இராப் பகலாகத் தலைக்கு மேலே வேவு விமானம் இப்படித்தான் இரையும். சனம் அதற்கு வண்டு என்று பெயர் வைத்திருந்தது. வண்டு சுற்றிவிட்டுப் போன இடத்தில் கொஞ்ச நேரத்தில் செல் குண்டு வந்து விழும்.

அவன் குசினிக்கு ஓடினான். பத்மாசனி அடுப்படி நிலத்தில் குப்புறக் கிடந்தார். மாக்கட்டுக் கை நெஞ்சுக்குக் கீழே நசிய, இடது கையால் பிடரியைப் பொத்தியிருந்தார்.

"மூண்டு தரம் வெட்டிப்போட்டன், தம்பி," என்றார் முகத்தை நிமிர்த்தாமலே. "இன்னும் ஏன் அது சாகுதில்லை?"